கிணற்றடியில் எந்தப் பக்கம் நின்றீர்கள்?

என் வலைப்பூவை வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த நாட்டிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள் என்று காட்டுகிற ஒரு படம் அதன் உட்பக்கத்தில் இருக்கிறது. கனடா, பிரான்ஸ், நோர்வே, இங்கிலாந்து எல்லாம் தினமும் பச்சையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'உங்கள் கருத்து' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது இரண்டு வருடமாகக் கழுவிக் கவிழ்த்த சட்டி போலக் கிடந்தது.

வாசித்தவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சொன்னார்கள். புளியங்கூடல் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்கள். மீன் வாங்கும்போது தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து அரைமணி நேரம் சொன்னார்கள்.

"அக்கா, போன கிழமை எழுதினதை வாசிச்சனான். நல்லாயிருந்தது."

"அப்ப அதை அங்கை கீழை எழுதியிருக்கலாமே?"

"ஐயோ, அங்கை எழுத ஏலாது. எல்லாரும் பாப்பினம்."

எல்லாரும் பார்க்கத்தானே எழுதச் சொல்கிறேன். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். எனக்குக் கோபம் வருவது ஊருக்குப் புதிதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

நான் முப்பது வருடம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிகள் தட்டச்சு செய்தவள். வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னாரின் காணி, கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு என்று நாள் முழுக்க அடித்த கை. ஓய்வு பெற்றுத் தீவுக்குத் திரும்பி வந்த பிறகு அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. நோர்வேயில் இருக்கிற தங்கையின் மகள் போனில் சொல்லிச் சொல்லி எனக்கு வலைப்பூவைத் தொடங்கித் தந்தாள். பழைய காலத்தை நினைத்து அழுது எழுதக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். குறிகட்டுவானில் எந்தப் படகு எத்தனை மணிக்கு, எந்த பஸ் வராமல் விட்டது, சாட்டிக் கடற்கரைக்கு வருகிறவர்கள் எங்கே குப்பை போடுகிறார்கள், இப்படித்தான் எழுதினேன்.

கருத்துப் பெட்டியை நிரப்ப எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். கட்டுரையின் முடிவில் கெஞ்சிப் பார்த்தேன். கேள்வி கேட்டுப் பார்த்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, வேறொரு பெயரில் நானே எனக்கு ஒரு கருத்து எழுதினேன். ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் வருவார்கள் என்று நினைப்பு. அன்றைக்கே பிரான்சிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். "ஒரு வசனத்திலை நாலு அரைப்புள்ளி போடுற ஆள் ஊரிலை நீ ஒருத்திதான்," என்றார். அதை அழித்துவிட்டேன்.

இப்படியே போயிருந்தால் நானும் ஒரு கட்டத்தில் சலித்து விட்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் கிணற்று விசயம் வந்தது.

என் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். பிள்ளை என்று சொன்னாலும் வயது முப்பத்தைந்து இருக்கும். கணவன் கடலுக்குப் போகிறவன். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். மூன்றாவது வயிற்றில் ஐந்து மாதம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கிணறும் சவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்து சந்தியிலுள்ள தாங்கியில் நிறையும். அங்கிருந்து அவள் சைக்கிளில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டி உருட்டிக்கொண்டு வருவாள். ஆனி பிறந்து வெயில் ஏறினால் பவுசர் ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. பாரம் தூக்கக் கூடாது என்று குடும்பநல மாது அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கணவன் கரையில் நிற்கிற நாளில் அவன் போவான். நிற்காத நாளில் இவள்தான். முழங்கால் பிடித்த நான் என் ஒரு கானோடு அவளுக்குப் பின்னால் போவேன்.

இத்தனைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலிருந்தும் கூப்பிடு தூரத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. இடம்பெயர்வுக்குப் பிறகு யாரும் இறைக்கவில்லை. உள்ளே ஆலங்கன்று முளைத்து, கட்டு ஒரு பக்கம் இடிந்து, மேலே பழைய தகரம் போட்டுக் கிடந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்கினால் ஒழுங்கை முழுக்கக் குடிக்கலாம்.

ஆனால் அது பங்குக் கிணறு. நாலு குடும்பத்துக்கு நாலு பங்கு. நாலு குடும்பமும் வெளிநாட்டில். யாருடைய சம்மதமும் இல்லாமல் ஒரு தகரத்தைத் தூக்கினால்கூட அடுத்த கிழமை சட்டத்தரணியின் கடிதம் வரும். அப்படி வந்த கடிதங்களில் பலவற்றுக்குப் பதில் அடித்தவள் நான். விதானையாரிடம் போய்க் கேட்டேன். அவர்தான் எங்கள் கிராம அலுவலர்; சின்ன வயதுக்காரர், பொறுமையானவர்.

"அக்கா, பங்காளர் எல்லாரும் சம்மதம் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. நான் சபையிலை கதைச்சு மெஷினும் ஆக்களும் எடுத்துத் தாறன். கடிதம் இல்லாமல் என்னாலை ஏலாது."

வலைப்பூ வைத்திருக்கிறேனே, இதற்கும் உதவாவிட்டால் அது எதற்கு என்று நினைத்தேன். கிணற்றின் படத்தைப் போட்டு, இந்தக் கிணற்றின் பங்காளர்கள் தயவுசெய்து இங்கே எழுதுங்கள், ஒரு கர்ப்பிணிப் பெண் சைக்கிளில் தண்ணீர் கொண்டு வருகிறாள் என்று எழுதினேன். உட்பக்கத்துப் படத்தில் நாலு நாடும் பச்சையாகத் தெரிந்தன. முன்னெப்போதும் இல்லாத கூட்டம். பெட்டியில் ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் எழுதினேன். ஊர்ப் பூவரசின் படத்தைப் போட்டால் இதயம் இதயமாக அனுப்புகிறீர்கள், ஊரில் இருக்கிற மனிதர் தண்ணீர் கேட்டால் வாய் ஒட்டிப் போகிறதா என்று கேட்டேன். இன்னும் இரண்டு மூன்று வசனம் இருந்தது, அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

அதற்கு லண்டனிலிருந்து போன் வந்தது. கிணற்றின் ஒரு பங்குக்காரக் குடும்பத்தின் மூத்த அக்கா. திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். அவர் திட்டவில்லை.

"பிள்ளை, எனக்கும் இறைக்க விருப்பம்தான். ஆனா நான் எப்பிடி முதல் வாய் திறக்கிறது? முதல் கதைக்கிற ஆள் கிணத்தை அமத்தப் பாக்கிறா எண்டெல்லே மற்ற மூண்டு பேரும் நினைப்பினம். அவையும் அப்பிடித்தான் யோசிச்சுக்கொண்டு இருப்பினம். உமக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பொதுச்சொத்தில் முதல் பேச்சு என்றால் அது உரிமை கேட்கிற பேச்சு. முப்பது வருடம் உறுதி அடித்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"அது சரி," என்றார் லண்டன் அக்கா, "நாலாவது பங்கு உங்கடை அப்பாவின்ரையெல்லே? நீர் ஏன் அதை எழுதேல்லை?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நாலு குடும்பமும் வெளிநாட்டில் என்று மேலே எழுதினேன் அல்லவா? வலைப்பூவிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்தின் நாலு பிள்ளைகளில் மூன்று பேர் வெளியே; நான் ஒருத்தி இங்கே. அப்பாவின் பங்கைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. விட்டால் ஊரில் நிற்கிறவள் கிணற்றைச் சுருட்டப் பார்க்கிறாள் என்று சொல்வார்கள் என்ற பயம். அதே பயத்தோடு வாய் மூடியிருந்தவர்களைத்தான் நான் பந்தி பந்தியாகத் திட்டியிருந்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். பங்கு என்ற சொல்லே இல்லாமல் கேட்டால்தான் வாய் திறப்பார்கள் என்று பட்டது. அந்தக் கிணற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நின்று அள்ளுகிற பக்கம் ஒன்று இருந்தது. வடக்கே பூவரசு, கிழக்கே தொட்டி, மேற்கே படி, தெற்கே உடுப்புத் தோய்க்கிற கல். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மாறி நிற்பதில்லை. நான் வட்டமாக ஒரு கிணறு கீறி, நாலு பக்கத்தையும் குறித்து, படமெடுத்து வலைப்பூவில் போட்டேன். கீழே ஒரே ஒரு கேள்வி: இந்தக் கிணற்றடியில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்? பெட்டியில் முதல் ஆளாக, இந்த முறை என் சொந்தப் பெயரில், நானே எழுதினேன். "நான் தெற்குப் பக்கம், கல்லடியில்."

மூன்று மணித்தியாலம் கழித்து லண்டன் அக்கா எழுதினார். "தொட்டிப் பக்கம். கயிறு வழுக்கி ஒருக்கா வாளியை விட்டனான்."

பிறகு நிற்கவேயில்லை. படிப் பக்கம் பூவரசுப் பக்கத்தோடு சண்டை பிடித்தது. கப்பி யாருடையது என்று ஒரு நாள் முழுக்கப் போனது. தொலைந்த அந்த வாளியை எடுத்தது யார் என்று ரொறன்ரோவும் ஒஸ்லோவும் விசாரணை நடத்தின. ஒரு அப்பனின் பிள்ளைகள், பதினைந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், என் பெட்டிக்குள் ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டார்கள். பழைய காலத்தை எழுத மாட்டேன் என்று நான் போட்ட சபதம் காற்றோடு போனது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒவ்வொரு கருத்தையும் வாசித்து, எந்தக் குடும்பத்தில் இப்போது யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த கிணற்றுப் படத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு சம்மதக் கடிதத்தை அடித்து அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் நாலு கையெழுத்தும் போனில் படமாக வந்து சேர்ந்தன. அச்செடுத்து மேசையில் வைத்தேன். அன்றைக்கு நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன்.

கடிதத்தை விதானையாரிடம் கொடுக்கப் போக இருந்த காலையில் பெட்டியில் இன்னொரு கருத்து வந்திருந்தது. கணவனின் போனிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியிருந்தாள். அவள் என் வலைப்பூவை வாசிக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. சைக்கிளுக்குப் பின்னால் எத்தனை நாள் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

"அக்கா, எல்லாரும் எழுதுகினம் எண்டு நானும் எழுதுறன். நாங்கள் ஒரு பக்கமும் நிக்கேல்லை. அம்மா வேலிக்கு வெளியிலை குடத்தை வைச்சிட்டு நிப்பா. நானும் நிப்பன். அள்ள வந்தவை ஆராவது ஊத்தினால் கொண்டு போவம். ஊத்தாட்டி நிப்பம்."

அதில் கோபம் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெட்டியில் வேறு யாரும் எழுதவில்லை. அடுத்த நாளும் இல்லை. உட்பக்கத்துப் படத்தில் எல்லா நாடும் பச்சையாக இருந்தன.

நான் விதானையாரிடம் போகவில்லை. மேசையில் இருந்த கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். 'மேற்படி கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து, பங்காளரும் அவர்தம் உரித்தாளிகளும் மாத்திரமே அள்ளிப் பாவிக்க' என்று இருந்தது. நான் அடித்ததுதான். யோசித்து அடிக்கவில்லை. கிணறு என்று தொடங்கினால் மிச்சத்தைக் கை தானாக அடித்துவிடும், அத்தனை வருடப் பழக்கம். யாருக்காக இவ்வளவும் தொடங்கினேனோ அவளை வேலிக்கு வெளியே நிறுத்தி, நாலு நாட்டிலிருந்து கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். எனக்கு அப்போது வந்த வெட்கத்தைப் போல முன்னர் ஒருபோதும் வந்ததில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் குசினி வாசலில் இருந்து அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"நான் எழுதினது பிழையோ அக்கா? ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. அழிச்சு விடட்டோ?"

"அழிக்காதையும். அழிச்சீரெண்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"அப்ப ஏன் உங்கடை முகம் இப்பிடி இருக்குது?"

வீட்டுக்கு வந்து, அவள் கருத்துக்குக் கீழே பதில் எழுதினேன். உங்கள் அம்மாவை எனக்கு நினைவிருக்கிறது. நான் அவருக்கு ஊற்றியிருக்கிறேன். வாளி குடத்தில் படக் கூடாது, ஒரு முழம் உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படித்தான் ஊற்றினேன். பாதித் தண்ணீர் மண்ணில் போகும். படம் கீறும்போது கல்லும் தொட்டியும் நினைவு வந்தது, வேலி வரவில்லை. இப்படி எழுதிவிட்டு, பழைய படத்தை எடுத்து நாலு பக்கத்துக்கும் வெளியே வேலியைக் கீறி, அங்கே இரண்டு குடத்தையும் கீறி மறுபடி போட்டேன்.

பிறகு கடிதத்தைப் புதிதாக அடித்தேன். 'இந்த ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லாரும் எந்தத் தடையுமின்றி அள்ளிப் பாவிக்க' என்று வைத்தேன். கடிதத்தை யாருக்கும் தனியாக அனுப்பவில்லை. பெட்டியிலேயே போட்டு, சம்மதமோ இல்லையோ, எல்லாரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுங்கள் என்று கேட்டேன். நாள் போகப் போக எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. பழைய கடிதத்தைக் கொடுத்திருந்தால் மெஷின் வந்திருக்கும், யார் அள்ளுகிறார்கள் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றும் ஒரு யோசனை ஓடியது. ஆனால் யாரோ ஒருநாள் பார்ப்பார்கள், அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்படிக் காட்டியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

லண்டன் அக்கா மூன்றாம் நாள் எழுதினார். "சம்மதம். நானும் உயத்தித்தான் ஊத்தினனான்." ஒஸ்லோவிலிருந்து படிப் பக்கத்துக்காரர் சம்மதம் என்று எழுதினார். எங்கள் பங்குக்கு அண்ணன் எழுதினார், அவர் பங்குக்கு ஒரு அரைப்புள்ளியும் போட்டு. பூவரசுப் பக்கம் மட்டும் மிச்சம். ரொறன்ரோவில் இருக்கிற அந்தப் பெரியவர் போன் எடுத்தார்.

"பிள்ளை, முதல் கடிதத்துக்கு நான் கையெழுத்து வைச்சிட்டன். இது என்ன புதுக்கதை? பங்குக் கிணறு எண்டால் பங்குக் கிணறுதான். அந்தக் காலத்திலையே ஒரு முறை இருந்தது."

"ஓம் அண்ணை. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே அங்கை எழுதுங்கோ."

"அங்கையோ? ஏன், உமக்குச் சொன்னால் காணாதே?"

"எனக்குச் சொன்னால் காணாது. அந்தப் பிள்ளையும் வாசிக்கட்டும். உங்கடை பேரப்பிள்ளையளும் வாசிக்கினம்."

"எல்லாரும் பாப்பினமே," என்றார்.

"ஓம் அண்ணை. எல்லாரும் பாப்பினம்."

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு வருடமாக எனக்கு எரிச்சலூட்டிய அந்தச் சொல்லை நானே சொல்ல வேண்டி வந்தது. ஐந்து நாள் ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்து நாளில் பவுசர் இரண்டு தரம்தான் வந்தது. ஆறாம் நாள் காலை பெட்டியில் அவருடைய பெயர் இருந்தது. மறுப்பை எழுத அவருக்கு மனம் வரவில்லைப் போலும். அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: "சம்மதம்."

நாலு சம்மதத்தையும் அச்செடுத்துப் புதுக் கடிதத்தோடு விதானையாரிடம் கொடுத்தேன். ஆவணி முடிவில் மெஷின் வந்து இரண்டு நாள் இறைத்தது. ஆலங்கன்றை வேரோடு எடுத்தார்கள், கட்டைப் பூசினார்கள், புதிதாக ஒரு கப்பி போட்டார்கள். சேற்றுக்குள் இருந்து நெளிந்த வாளி ஒன்று வந்தது. அதைப் படமெடுத்துப் போட்டேன். அது தன்னுடையதுதான் என்று லண்டன் அக்காவும், இல்லை தங்களுடையது என்று படிப் பக்கமும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வலைப்பூவில் இப்போது நான் எழுதாத கிழமையிலும் பெட்டி நிரம்புகிறது. சில நேரம் என்னை யாரும் கண்டுகொள்வதே இல்லை, அதுவும் எனக்கு நல்லாய்த்தான் இருக்கிறது.

இறைத்து முடிந்தபோது அவளுக்கு எட்டு மாதம் கடந்திருந்தது. அதற்குப் பிறகு சந்திக்குச் சைக்கிள் போகவில்லை. அவள் கணவனும், அவன் கடலில் நிற்கிற நாளில் ஒழுங்கைப் பெண்களில் யாராவது ஒருவரும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளி வைத்தார்கள். குழந்தை ஐப்பசியில் முதல் மழையோடு பிறந்தது. அல்லைப்பிட்டியிலிருந்து மாமியார் வந்து கூட இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நான் கிணற்றடிக்குப் போனபோது அவள் முதல் தடவையாகத் தானே அள்ள வந்திருந்தாள். வேலி இருந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். இப்போது அங்கே வேலி இல்லை, பழைய வேலிக் கதியால் இரண்டு மட்டும் நிற்கின்றன. பிறகு உள்ளே வந்து, கிணற்றை ஒருக்கால் சுற்றி நடந்து, கல்லடியில் போய் நின்றாள். அது என் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும், வலைப்பூவில் வாசித்திருக்கிறாள். நான் தொட்டிப் பக்கம் போனேன்.

கயிற்றை விட்டு, வாளி நிறைய அள்ளி எடுத்தாள். தன் குடத்தில் ஊற்றவில்லை.

"உங்கடை கானைக் கொண்டாங்கோ அக்கா. முழங்காலோடை நிண்டு இழுக்க வேண்டாம்."

கானை அவள் காலடியில் வைத்தேன். அவள் குனிந்து, வாளியின் விளிம்பைக் கானின் வாயில் நன்றாக முட்ட வைத்து, ஒரு சொட்டும் மண்ணில் போகாமல் ஊற்றினாள்.